பாயசம் கொட்டிய வேன் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

செம்பவாங்கில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி அம்பிகைபாகன் ஐயா அவர்களுக்கு,

ஜாலான் புசார் பாத்திரக்கடை ரத்னவேல் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி சந்திரமதி, கல்யாணப் பெண் சிவானி, கடையில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் சாமான்கள், எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் துணைவியார் பூரணம் அம்மாவும் மாப்பிள்ளை கீதனும் இதற்கு ஒரு படி மேலாகவே சுகமாயிருக்க முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது என் வேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் எதை அனுப்பினாலும் அது கல்யாண குரூப்புக்குப் போய்விடுகிறது, அங்கே நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். போன மாதம் என் மூட்டுவலி மாத்திரைச் சீட்டு அப்படித்தான் போய்ச் சேர்ந்து, டொராண்டோவில் இருக்கும் தங்கள் மச்சாள் எனக்கு எண்ணெய் வைத்தியம் சொன்னார். ஆகையால் காகிதம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு டாக்ஸி பிடிக்கக் கிளம்பிய உங்கள் இருவரையும், "நம்ம வேன் இருக்கும்போது டாக்ஸி எதுக்கு" என்று இழுத்து முன்சீட்டில் ஏற்றியது நான்தான். அதில் ஒரு உள்நோக்கம் இருந்தது. வருகிற ஞாயிறு இருபத்தொரு தட்டுச் சீரையும் இந்த வேனில்தான் கொண்டுவருவேன் என்று நான் சொன்னபோது நீங்கள், "லொறி ஒண்டு சொல்லுவமே" என்று மெதுவாகக் கேட்டீர்கள். வேன் ஓடும் அழகை ஒருமுறை பார்த்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். பார்த்தீர்கள். சிக்னல் வரைக்கும் பூனை மாதிரி வந்த வண்டி, விரைவுச்சாலைக்கு ஏறும் மேட்டில் நான் அழுத்தி மிதித்ததும் ஒரு கணம் செத்தது, மறுகணம் பாய்ந்தது, மறுபடி செத்தது, மறுபடி பாய்ந்தது, இப்படி மூன்று தடவை. முதல் பாய்ச்சலில், பூரணம் அம்மா மடியில் சந்திரமதி கொடுத்துவிட்ட பாயசத் தூக்கின் மூடி பறந்தது. இரண்டாவதில் பாயசம் உங்கள் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. மூன்றாவதில் ஒரு முந்திரிப்பருப்பு உங்கள் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் கரும்புகை, அதற்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் ஹார்ன். கப்பல் பட்டறை அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்த நிதானத்தோடு நீங்கள் கண்ணாடியைக் கழற்றி, பருப்பை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லை" என்றீர்கள். ஐயா, அந்தப் பரவாயில்லைக்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போது பூரணம் அம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அண்ணை, இதுக்கு மூச்சு முட்டுது போலக் கிடக்கு" என்றார். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர், அவருக்கு எல்லாமே நோயாளியாகத்தான் தெரியும். நான் சிரித்துவிட்டு, "அம்மா, இது டீசல் வண்டி, இதுக்கு ஏது மூச்சு" என்றேன். அன்றிலிருந்து இன்றோடு நாலு நாள், உங்கள் வீட்டிலிருந்து போனும் இல்லை. சேலைக் கலர் பேசவே ஒரு நாளைக்கு இரண்டு முறை கூப்பிடுகிறவர் பூரணம் அம்மா. சந்திரமதி சமையலறையிலிருந்து, "பாயசத்தை மட்டுமா குலுக்கினீங்க, பொண்ணு கல்யாணத்தையே குலுக்கிட்டீங்க" என்கிறாள். சிவானியோ, "அப்பா, சீரியஸ்லி லா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் நகம் கடிப்பதை விட்டு எட்டு வருஷம் ஆகிறது, நேற்று மறுபடி கடித்தாள். என் கவலை அதுதான் ஐயா. சகுனம் சரியில்லை என்று உங்கள் பக்கம் யாராவது சொல்லியிருப்பார்களோ என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த வேன்மேல் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நடைபாதையில் சாக்கு விரித்துக் கரண்டி விற்றவன் நான். எனக்கென்று வாங்கிய முதல் நாலு சக்கரம் அது. சிவானி உயர்நிலைப் பள்ளிக்கு முதல் நாள் போனது அண்டாக்களுக்கு நடுவே அதில் உட்கார்ந்துதான். பத்து வயசு முடிந்து, வண்டி வைத்திருக்க அரசாங்கம் தரும் சிஓஇ உரிமம் தீர்ந்தபோது எல்லாரும் தூக்கிப்போடு என்றார்கள், நான் புதுப்பித்தேன். இந்தக் கல்யாணத்துக்காகப் போன மாதம் அதைக் குளிப்பாட்டி, புது மிதியடி, புது சீட் உறை என்று மாப்பிள்ளை மாதிரி ஜோடித்தேன். நீங்கள் உட்கார்ந்தபோது சரக் சரக் என்று சத்தம் வந்ததே, அது சீட் உறையின் பிளாஸ்டிக். எங்கள் வீட்டு சோபாவிலும் அதே சத்தம் கேட்டிருப்பீர்கள். ஆறு வருஷமாகக் கழற்றவில்லை. டிவி ரிமோட்டும் அப்படியே. இது என் தொழில் புத்தி ஐயா. பாத்திர வியாபாரத்தில் கவர் கிழிந்த சாமான் பழைய சாமான், எவ்வளவு பளபளத்தாலும் வாங்குகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார். இப்படி எல்லாம் பண்ணி முடித்த மறுவாரம்தான் வண்டிக்கு இந்தக் குதிக்கிற வியாதி வந்தது. நல்லது செய்தவனுக்கு இதுதான் பலன் போலிருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே முகமது யூசுப்பைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாக என் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக், என்னை பாஸ் என்பார், ஆனால் பேச்சை மட்டும் கேட்கமாட்டார். டீசல் ஃபில்டர் அடைப்பு என்று சொல்லி அதை மாற்றினார். வண்டி முன்பைவிட உற்சாகமாகக் குதித்தது. "ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பாத்துடறேன் பாஸ்" என்று அந்தப் பெட்டியில் கை வைத்தார். "யூசுப், அது புத்தம் புதுசு, போன மாசம் அடுத்த தெருவில் வாங்கி என் கையாலே போட்டது, அதைத் தொட்டே, நம்ம சிநேகம் அவ்வளவுதான்" என்றேன். கையை எடுத்துவிட்டார். திங்கட்கிழமை பூன் லேயில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வயரைச் சொருகி, திரையைப் பார்த்து, "காத்து பத்தலைன்னு காட்டுது அங்கிள்" என்றார்கள். சிங்கப்பூரில் காற்றுக்கா பஞ்சம்? உங்கள் கம்ப்யூட்டருக்கு முதலில் வைத்தியம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்து இங்கே வர வழியெல்லாம் குதி.

செவ்வாய்க்கிழமை பக்கத்துப் பூக்கடை சுந்தரம் வந்து, "அண்ணே, இது கண்ணுபட்டது, கல்யாண வீட்டு வண்டி வேற" என்றார். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். நடைபாதையில் உடைத்து அபராதம் கட்ட நான் தயாரில்லை, ஆகவே பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் வைத்து உடைத்து, உடனே துடைத்து, கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டோம். கண் வைத்தவர் யாரோ தெரியவில்லை, தாம்பாளம்தான் நெளிந்தது. இதற்குள் தெருவில் போகிற வருகிறவர் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் இன்ஜெக்டர் என்கிறார், சாப்பாட்டுக்கடை கவுண்டரில் இருப்பவர் டர்போ என்கிறார், டர்போ எங்கே இருக்கிறது என்று கேட்டால் அடியில் என்று பொதுவாகக் காட்டுகிறார். நானும் எல்லாரையும் நம்பி, எல்லாவற்றையும் பார்த்தாச்சு. என் கையால் போட்ட அந்த ஒரு சாமான்மீதுதான் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே ஐயா, முடிவு பண்ணிவிட்டேன். வேனை விற்றுவிடுகிறேன், நாளைக்கு யூசுப் வந்து எடுத்துப்போகிறார். சீருக்கு லாரி சொல்லியாச்சு, நீங்கள் கேட்டபடியே. வண்டி போனால் போகட்டும், என் மகள் உங்கள் வீட்டுக்கு வரணும். உங்கள் மனதில் ஏதாவது இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள், வியாபாரி எதையும் தாங்குவான். ஒன்றும் இல்லையென்றால் ஒரு போன் மட்டும் செய்யச் சொல்லுங்கள், இங்கே ஒரு பெண் நகத்தைக் காப்பாற்றிய புண்ணியம் கிடைக்கும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், கீதனுக்கு ஆசி, பூரணம் அம்மாவுக்கு மன்னிப்போடு கூடிய மரியாதை, தங்கள் வெள்ளைச் சட்டைக்குத் தனியாக அனுதாபம். இரு வீடும் ஒரு வீடாய்ப் பெருக வேண்டும் என்று வேண்டி முடிக்கும்,

தங்கள் சம்பந்தி (இன்னும் அப்படித்தான் என்ற நம்பிக்கையில்)
ரத்னவேல்

பி.கு: மேலே உள்ளதை நீங்கள் படித்திருக்கக் கூடாது. நேற்றே உறையில் போட்டு ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டியாச்சு, ஸ்டாம்பை வீணாக்க மனசு வராமல் உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். இன்று மத்தியானம் யூசுப் வேனை எடுக்க வந்து நிற்கும்போது கீதனும் பூரணம் அம்மாவும் கடைக்குள் நுழைந்தார்கள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்து எழுந்தேன், முழங்கை பட்டு ஒரு கரண்டி அடுக்கு சரிந்தது. பூரணம் அம்மா, "அண்ணை, இடியப்ப உரல் ஒண்டு காட்டுங்கோ" என்றார்.

"அம்மா, அஞ்சு நாளா போனே இல்லையே" என்று கேட்டேவிட்டேன்.

"எங்கை நேரம்? லண்டன், டொராண்டோ, யாழ்ப்பாணம் எண்டு எல்லாருக்கும் இந்த மனுசன் முந்திரிப்பருப்பை வாயிலை போட்ட கதையைச் சொல்லி முடிக்கவே அஞ்சு நாள் போட்டுது. கலியாணத்துக்கு வாற ஒவ்வொருத்தரும் அந்தக் குதிக்கிற வானைப் பாக்கோணும் எண்டு நிக்கினம். நீங்கள் ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே?"

"பயத்துல எடுக்கலம்மா."

அவர் வேனைப் பார்த்தார். "இன்னும் சுகமில்லையோ? இதின்ரை மூக்கு எங்கை?"

யூசுப் சொன்னார், "ஏர் ஃபில்டர்மா. அதை மட்டும் தொடக்கூடாதுன்னுட்டாரு பாஸ். அவரே போட்டாராம்."

ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனைப் பார்ப்பதுபோல் பூரணம் அம்மா என்னைப் பார்த்தார். "திறவுங்கோ" என்றார். யூசுப் திறந்தார். உள்ளே என் புது ஏர் ஃபில்டர் பளபளவென்று இருந்தது. பிளாஸ்டிக் கவரோடு. நடுவில் நான் பேனாவால் குத்திய நாலு ஓட்டையோடு. அப்போதுதான் ஞாபகம் வந்தது ஐயா. புது சாமான், கவரைக் கிழிக்க மனசு வரவில்லை, தூசி படுமே என்று நினைத்தேன், காற்றும் போகணுமே என்று நாலு ஓட்டை போட்டேன். மெதுவாக மிதித்தால் அந்த நாலு போதுமாம். அழுத்தி மிதித்தால் இன்ஜின் இழுக்கிற இழுப்பில் பிளாஸ்டிக் அப்பிக்கொண்டு மூச்சை அடைக்குமாம், இழுப்புக் குறைந்ததும் விலகுமாம், வண்டி பாயுமாம். யூசுப் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாஸ், தூசி பிடிக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான்மேல தூசி படக்கூடாதுன்னு கவர் போட்ட ஒரே ஆளு நீங்கதான் லா!"

கவரைக் கழற்றி, நான் ஓட்ட, பூரணம் அம்மா கடையிலிருந்த ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். அதே மேடு, அதே மிதி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை ஐயா! இறங்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை சீர் இதிலைதான் வரோணும், நானும் முன்னுக்குத்தான் இருப்பன், பாயசமும் அதே தூக்கிலை" என்று சொல்லிவிட்டார். லாரியை நிறுத்தியாச்சு. வேனை விற்கவில்லை. பூன் லே கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டி லட்டு அனுப்பியிருக்கிறேன். சிவானி சிரித்துச் சிரித்து அழுகிறாள், சந்திரமதி கத்தரிக்கோலோடு சோபா பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள், நான் தடுக்கவில்லை, ரிமோட்டை மட்டும் சட்டைப்பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. இந்தக் கடிதத்தை நீங்கள் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்த நாலு ஓட்டை பிளாஸ்டிக்கைப் பூரணம் அம்மா நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார், கல்யாண மேடையில் காட்டப்போகிறாராம். அவர் அசரும் நேரம் பார்த்து அதை எப்படியாவது எடுத்துவிடுங்கள்.