பதினேழு ஸார்

அரசாங்கத்தை எதிர்த்து நின்றவர்களைச் சென்னையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமனாரை எதிர்த்து நின்றவர்களில்கூட ஓரிருவரைப் பார்த்ததுண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறுக்காக ஒரு காலேஜையே எதிர்த்து நின்றவர் உலகத்தில் ஒருவர்தான். அவரோடு மாம்பலத்தில் ஒரே அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு காலேஜ் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, மாணவர்கள் கண்ணாடிக் குடுவைகளை உடைக்காமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் காலேஜ் மனசு வைத்துப் புதுப்பித்தால்தான் அந்த வேலையும். சைதாப்பேட்டைக்காரர், வயது இருபத்தெட்டு இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் பத்திரமாக இருந்தது. மற்றபடி பியூன் முதல் பிரின்ஸிபால் வரை அவர் 'பதினேழு ஸார்'தான்.

பெயர் வந்த கதை இது. ஹைட்ரோகுளோரிக் வாயுவின் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன், ஒரு குளோரின், இரண்டே அணுக்கள். ஹைட்ரஜன் தன்னிடமுள்ள ஒரே எலெக்ட்ரானைக் குளோரினுக்கு முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது; அதனால் ஒன்று பிளஸ், இன்னொன்று மைனஸ்; இரண்டும் இழுத்துக்கொண்டு ஒட்டிக்கிடக்கின்றன. இப்படி எங்கள் கெமிஸ்ட்ரி புரொபஸர் தம்முடைய நோட்ஸ் புத்தகத்தில் எழுதியிருந்தார். அந்த நோட்ஸை மனப்பாடம் பண்ணாமல் அந்தக் காலேஜில் ஒருவனும் பாஸ் பண்ணியதில்லை.

நம்மவர் லாபரேட்டரியில் அதே பாடத்தைச் சொல்லும்போது கரும்பலகையில் '17' என்று பெரிதாகப் போட்டார்.

"முழுசாக் கொடுத்திருந்தா, ரெண்டு முனைக்கும் உள்ள மின்சார வித்தியாசம் ஆறு வரணும். அளந்து பார்த்தவங்களுக்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் மேலதான் வந்திருக்கு. அப்படின்னா ஹைட்ரஜன் கொடுத்தது நூத்துக்குப் பதினேழு. மிச்சத்தை ரெண்டு பேரும் சேர்ந்து அனுபவிக்கிறாங்க. எழுதிக்கங்கய்யா."

இந்தப் பிளஸ் மைனஸ் பைத்தியம் அவருக்கு லாபரேட்டரியோடு நிற்கவில்லை. ஒரு மே மாதம் நான் ஜுரத்தில் கிடந்து எழுந்திருந்தேன். பதினைந்து நாளாகத் தலையில் எண்ணெய் இல்லை. மனுஷர் என் தலையைத் தடவிப் பார்த்தார். அக்கறை என்று நினைத்தேன்.

"அருமையான தலை ஸார். காஞ்சு கிடக்கு. கடல் காத்து வர்றதுக்குள்ள வாங்க."

உச்சிவெயிலில் காலேஜ் வாசல் கார்ப்பரேஷன் குழாயடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். குழாயை நூல் மாதிரி ஒழுகவிட்டு, ஒரு கறுப்பு ரப்பர் சீப்பால் என் தலையை வாரு வாரென்று வாரினார். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, அவரு தலையில பேன் கீதா?"

"இல்லைம்மா. தண்ணியை வளைக்கப் போறேன்."

"ஒரு கொடம் புடிக்க வுட மாட்டேன்றே. வளைக்கிறியாமே."

அவர் சீப்பைத் தண்ணீர் அருகே கொண்டுபோனார். ஒழுகின தண்ணீர் சீப்பைப் பார்த்து ஒய்யாரமாக வளைந்தது. தண்ணீரின் மூலக்கூறிலும் ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், மறு பக்கம் கொஞ்சம் மைனஸ். சீப்பில் ஏறிய மின்சாரம் இழுக்கிறது என்று அந்த அம்மாளுக்கு விளக்கினார். அவள் குடத்தை மறந்துவிட்டாள்.

"இன்னொரு தபா காட்டு."

அதற்குள் கடல் காற்று வந்துவிட்டது. ஈரக் காற்றில் சீப்பில் மின்சாரம் நிற்காதாம். எத்தனை வாரினாலும் தண்ணீர் நேராகவே விழுந்தது. "நாளைக்கு வாங்கம்மா, பன்னண்டு மணிக்குள்ள" என்றார். மறுநாள் அவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் தலை ஒரு வாரத்துக்குக் குழாயடியில் இருந்தது.

காலேஜ் திறந்ததும் பதினேழு என்ற எண் புரொபஸர் வகுப்புக்குள் நுழைந்தது. ஒரு பையன் எழுந்து, "முழுசா இல்லை ஸார், பதினேழுதான்" என்று சொல்லிவிட்டான். அன்று மத்தியானமே புரொபஸர் என் மேஜைக்கு வந்து ஒரு மெமோ டிக்டேட் செய்தார். 'பாடப் புத்தகத்துக்கு விரோதமாகப் பேசியது ஏன் என்று இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.'

சாயங்காலம் அறையில் பதினேழு ஸார் பதில் எழுதிக் கொடுத்தார். 'பாடப் புத்தகம் உண்மைக்கு விரோதமாகப் பேசியதால்.'

அதையும் நான்தான் டைப் அடித்தேன். கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம், மெஷின் ஒன்று. ஒரு வாரம் எனக்கு நானே சண்டைக் கடிதம் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு விஞ்ஞான சங்கக் கூட்டம் வந்தது. புரொபஸர் தலைமையுரை. நான் சுருக்கெழுத்தில் குறிப்பெடுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உரை முடிந்து, "சந்தேகம் உண்டா?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். பின்வரிசையில் பதினேழு ஸார் எழுந்தார்.

"ஹைட்ரஜன்கிட்டேயிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கப் பதிமூணரை யூனிட் சக்தி வேணும். குளோரின் அதை வாங்கிக்கிட்டா மூணரை திரும்பி வருது. ஆகப் பத்து செலவு. பிளஸும் மைனஸும் இழுத்துக்கிட்டு நெருங்கினா பதினொண்ணேகால் கிடைக்குது. மிஞ்சறது ஒண்ணேகால். ஆனா அந்த மூலக்கூறை உடைக்க நாலரை யூனிட் ஆகுது ஸார். மீதி மூணேகால் எங்கேயிருந்து வந்தது?"

புரொபஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"ஓய், நீர் டெமான்ஸ்ட்ரேட்டர். அது ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு ஸார். அந்த மூணேகால்?"

ஹால் முழுவதும் பெஞ்சு தட்டிற்று. மறுநாள் முதல் புரொபஸர் வராந்தாவில் நடந்தால் எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து "மூணேகால்" என்று ஒரு குரல் வரும்.

விஷயம் முற்றிவிட்டது. மன்னிப்புக் கடிதம் ஒன்றைப் புரொபஸரே எழுதி, நான் அதை டைப் அடித்துப் பதினேழு ஸாரிடம் கையெழுத்து வாங்கும்படி கொடுத்தார். 'பதினேழு என்று சொன்னது வாய்தவறி' என்று அதில் இருந்தது. நான் வீரன் அல்ல. எனக்கும் அது ஒன்றுதான் வேலை. ஆனால் அந்த வாக்கியத்தை அடிக்க விரல் வரவில்லை. "மெஷினில் ரிப்பன் அறுந்துவிட்டது" என்றேன். மூன்று நாள் தொடர்ந்து அறுந்தது. நாலாம் நாள் புரொபஸர் கையாலேயே எழுதிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"வாய்தவறி ஒரு தடவை சொல்லலாம் ஸார். நான் நாப்பது தடவை சொல்லியிருக்கேன்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தார் பதினேழு ஸார்.

அடுத்த ஜூனில் வேலை புதுப்பிக்கப்படவில்லை. அந்த உத்தரவையும் நான்தான் அடித்தேன். அவர் வாசித்துவிட்டு, "ரிப்பன் நல்லா இருக்கே" என்றார். ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்கே போய், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டார்.

ஒரு வருஷம் கழித்துப் புரொபஸர் தம் நோட்ஸின் புதுப் பதிப்பை என்னிடம் டிக்டேட் செய்தார். ஹைட்ரோகுளோரிக் வாயு வந்ததும் நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். "'முழுவதும்' வேண்டாம். அதை அடித்துவிடும். 'ஓரளவு கொடுக்கிறது'ன்னு போடும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பாராவுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தின் கார்பன் காப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைதாப்பேட்டை போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று அவர் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

"ஓரளவுன்னா எவ்வளவு ஸார்?"

"விடுங்க. இறங்கி வந்துட்டாரில்லே."

"பதினேழுன்னு போட என்ன கேடு? இன்னும் பாதி வழியிலேதான் நிக்கறார்."

பென்சிலை எடுத்து 'ஓரளவு' என்பதை அடித்து, மேலே 17 என்று எழுதி, தாளை என்னிடமே கொடுத்தார். "நாளைக்கு அவர் மேஜையில வெச்சிடுங்க." வைத்தேன். என் வேலை போகவில்லை. புரொபஸர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

தாளைத் திருத்திக் கொடுத்த அன்று என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் புரொபஸரைத் திட்டிக்கொண்டே வந்தார். எலெக்ட்ரிக் ரயில் நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டினார். அவருக்குக் கை ஆட்டத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் ஆட்டினேன். மாம்பலம் வரும் வரை கையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.