இறக்கம்தானே!

மலையிலிருந்து சமவெளிக்குத் தனியாளாய்ச் சைக்கிளில் வருவேன் என்று நான் சபதம் போட்டது ஒரு கலியாண வீட்டில். சாப்பிட ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்தோம். மூன்றாவது கோழித்துண்டை நான் என் பக்கம் இழுத்ததை மனைவியின் தம்பி சாலிஹ் கண்டுவிட்டான்.

"மச்சானுக்கு முழங்கால்லதான் நோவு. கையில ஒண்டுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களும் சிரித்தார்கள். அதில் றஸீனாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு மனைவியின் சிரிப்புத் தெரியாதா?

என் முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு வருடமாக என்னைக் காப்பாற்றி வருவது அந்த நோவுதான். சந்தைக்குப் போகச் சொன்னால் ஒரு கால் நோகும். கிணற்றடியைக் கழுவச் சொன்னால் இரண்டும் நோகும். சீனி வருத்தத்துக்குத் தினமும் நடக்கும்படி டொக்டர் சொன்ன அன்று இடுப்புவரை நொந்தது. கொஞ்சம் நோவு உண்மையிலேயே உண்டு. மிச்சம் என் சொந்த உழைப்பு.

அந்த நோவை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டாமா? "பதுளையில இருந்து ஏறாவூருக்குச் சைக்கிள்ள வாறன், பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் றஸீனா கேட்டாள்.

"மெய்யாவா போகப் போறீங்க?"

"ஓம்."

"முழங்கால்?"

"அதுக்கு என்னத்துக்குப் புள்ள முழங்கால்? பதுளை மேல இரிக்கி. ஏறாவூர் கீழ இரிக்கி. இறக்கம்தானே! சீட்டுல குந்தினா சைக்கிள் தன்ட பாட்டுல வரும்."

"மிதிக்கத் தேவையில்லையா?"

"பிரேக் மட்டும் போதும்."

"அப்ப போயிட்டு வாங்க" என்றாள். சண்டையில்லை, அழுகையில்லை.

ஏறாவூரில் பிறந்தவனுக்கு இந்தப் பிழை வரத்தான் செய்யும். எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாலம்தான். மற்றதெல்லாம் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும் வயலும் வாவியும். மலை என்பது பெரிய பாலம், உச்சியில் கொண்டுபோய் விட்டால் மிச்சமெல்லாம் இறக்கம் என்று ஐம்பத்தொரு வயதுவரை நம்பியிருந்தேன்.

மரக்கறி லொறியொன்றில் சைக்கிளோடு பதுளைக்குப் போய், பிஸ்மி சொல்லி ஏறி உட்கார்ந்தேன். டவுணைத் தாண்டியதும் பாதை மேலே போனது. பாதை மாறி வந்துவிட்டேனோ என்று ஒருவரைக் கேட்டேன். இதுதான் பாதையாம். இறங்குவதற்கு முதல் ஏற வேணுமாம்.

பசறைக்கு வந்து சேர்ந்தபோது, நான் சைக்கிளைத் தள்ளுகிறேனா, சைக்கிள் என்னைத் தாங்குகிறதா என்று தெரியவில்லை. அங்கே ஒரு புடவைக்கடைக்கு முன்னால், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள செங்கலடிக்குப் போகும் லொறி நின்றது. சாரதியிடம் கெஞ்சி, சைக்கிளை அரைவாசி ஏற்றியும்விட்டேன். செங்கலடியில் இறங்கி மிச்சத்தை ஓடினால் யாருக்குத் தெரியும்?

கடையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். எங்கள் ஊர் ரிஸ்கான். அவன் அங்கே கடை வைத்திருப்பதை அடியோடு மறந்திருந்தேன்.

"நிஸ்தார் காக்கா, இறக்குங்க சைக்கிள! றஸீனா ராத்தா போன் எடுத்த. லொறியில ஏறப் பாப்பாரு, உட்றாதீங்க எண்டு சொன்ன."

"உனக்கு மட்டுமா எடுத்த?"

"லுணுகலை, பிபிலை, மகாஓயா... நம்மட ஊர்க் கடை எல்லாத்துக்கும்தான். இந்தாங்க இஞ்சிப் பிளேன்டீ. சீனி போட வேணாமாம்."

குடித்துவிட்டு மிதித்தேன். வேறு வழி?

லுணுகலைக்கு அப்பால் ஒரு வளைவில் நின்றேன். களைப்புக்காகத்தான் நின்றேன். என் காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. மேகத்தை அதுவரை நான் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். அது விலக விலக, மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. எல்லாம் முடிகிற இடத்தில் கிழக்கே சமவெளி, வானத்தோடு ஒட்டிக் கிடந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குளங்கள் மின்னின. அந்த நிலத்தில்தான் இத்தனை வருடம் நடந்திருக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "ஸுப்ஹானல்லாஹ்" என்றேன். நான் எவ்வளவு சின்ன ஆள் என்று விளங்கியது. அது ஏனோ பெரிய சந்தோஷமாக இருந்தது.

பிறகு இறக்கம் வந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப்பக்கமாய் வெளியேறியது. பிபிலையில் படுத்தெழும்பி, மகாஓயாக் காட்டில் யானைக்குப் பயந்து பறந்தேன். கரடியனாற்றில் ஒரு லொறிக்காரர் தானாக நிறுத்தி, ஏறச் சொன்னார். சுற்றிவர நம்மூர்க் கடை ஒன்றுமில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் நாள் பின்னேரம் வீட்டுவாசலில் தெருவே கூடி நின்றது. மலையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினேன். றஸீனா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"முழங்கால் நொந்திச்சா?"

அந்த மேகம் இன்னும் என் தலைக்குள் போய்க்கொண்டிருந்தது. பொய் வரவில்லை.

"முழங்கால் இருக்கிறதையே மறந்திட்டன் புள்ள! நோவெல்லாம் அடியோட மாறிட்டு!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவள், தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டீங்கதானே?"

இப்போது சுபஹுத் தொழுததும் சந்தைக்குப் போவது நான்தான். வழியில், களைத்துவிட்டேன் என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லை.