பூசணிக்குச் சேர்க்கை

மொட்டை மாடியில் கொடி நிறையப் பூ, காய்தான் இல்லை. காலையிலிருந்து ஏழாவது முறையாகப் படியேறி வந்த சாம்சன், இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இன்னாய்யா, அஞ்சு நிமிசத்துல காச்சிடுமா?" என்று கீழேயிருந்து அவன் மனைவி கிரேஸ் கத்தினாள்.

அவன் அவசரம் அவனுக்கு. கிறிஸ்தவக் கோயிலில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஏழே வாரம். போன வருடம் சபையார் எல்லோரும் தங்கள் வீட்டில் விளைந்ததென்று காய்கனிகளைக் கொண்டுவந்து அடுக்கியபோது, சாம்சன் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டோடு நின்றான். அந்த வெட்கத்தில், இந்த வருடம் தானே விளைவித்த பூசணியைப் படைப்பதாகப் போதகரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டான்.

"சும்மா சத்த உறிஞ்சிக்கினு இருக்குதுங்க" என்று, அடியில் பிஞ்சில்லாத பூக்களையெல்லாம் பறித்து கிரேஸிடம் கொடுத்தான். அவள் பஜ்ஜி போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பிஞ்சுகள் பழுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பக்கத்து வீட்டு நர்மதா, பள்ளியில் தாவரவியல் டீச்சர். வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க பறிச்சதெல்லாம் ஆண் பூ, அண்ணா. மகரந்தம் அதுலதான் இருக்கும். பெண் பூவுக்கு அடியில குண்டா இருக்குதே, அது சூற்பை. பூ நடுவுல இருக்கிறது சூல்முடி. மகரந்தம் வந்து சூல்முடியில ஒட்டினாத்தான் சூற்பை காயாகும்."

"அப்போ ஆண் பூவுக்கு எங்க போறது?"

"அதான் பஜ்ஜியாயிடுச்சே!"

ஒரே ஒரு பெண் மொட்டு மிச்சமிருந்தது. மறுநாள் காலை விரியும். வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் எங்கிருந்தாவது ஓர் ஆண் பூ வேண்டும். அவனுக்கோ கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் காலை ஷிப்ட். சூப்பர்வைசர் ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்தான்.

"சார், நாளைக்கு ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும். மகரந்தச்... சேர்க்கை இருக்குது."

"உன் புள்ள ரெண்டாங்கிளாஸ்தானே படிக்குது? இப்ப இன்னா சேர்க்கை?"

"புள்ளைக்கு இல்ல சார். பூசணிக்கு."

"குடிச்சிக்கினு இருக்கியா சாம்சன்?"

விடிந்ததும் தெருத்தெருவாக பைக்கில் சுற்றினான். கடைசியில் கமால் பாய் வீட்டு மதிலுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சள் பூ தெரிந்தது. அடியில் பிஞ்சில்லை. ஆண் பூவேதான்! எட்டிப் பறிக்கையில் கால் வழுக்கி மதிலிலேயே தொங்கினான்.

"யார்ரா அது?" என்று கமால் பாய் வெளியே வந்தார்.

"நான்தான் பாய், சாம்சன். ஒரு ஆண் பூ வேணும்."

"பரீதா! இங்க வந்து பாரு, இந்த ஆளு ஆண் பூ கேட்டுக்கினு செவுத்துல தொங்குறான்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

தெருவே கூடிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கமால் பாய் பூவைப் பறித்துக் கொடுத்தார். அவன் மாடிக்கு ஓடி, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிவிட்டு வருவதற்குள், யாரோ எடுத்த வீடியோ அவனுக்கு முன்பே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஆலையில் அவன் பெயர் 'ஆண் பூ'.

ஆனால் பூசணி பிடித்துக்கொண்டது. ஆறு வாரமும் அவனுக்கு நிம்மதி இல்லை. அணில் சத்தம் கேட்டால் ஓடினான். காக்கை கரைந்தால் ஓடினான். மழைக்குத் தன் வேட்டியையே போர்த்தினான்.

பண்டிகையன்று, தேங்காயளவு பூசணியை மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பீடத்தடியில் ஒவ்வொன்றும் குடத்தளவு பூசணிகள்! சாம்சனுக்குக் கூசியது. யாரும் பார்க்காதபடி வாழைத்தாருக்குப் பின்னால் தன்னுடையதைத் தள்ளிவைக்கக் குனிந்தான்.

கோயில் கூட்டும் ரோசம்மாள் வெடுக்கென்று அதை வாங்கினாள். உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, ஒவ்வொண்ணுலயும் கடை ஸ்டிக்கரப் பிச்சிப் பிச்சி என் நகமே போச்சு, உன்துல எங்க ஒட்டியிருக்குதுன்னே தெரியலியே?"