செக்காலையின் ஒழுக்கக் கண்காணிப்பாளர்

ஊருக்கு ஊர் ஒருவர் இருப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, யாரும் நியமித்ததும் கிடையாது. ஆனாலும் மழையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடைக்குள் நின்றால், அவர்கள் என்ன உறவு, நடுவே எத்தனை அங்குலம், இன்னொரு குடை வாங்க என்ன கேடு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இவர்தான் ஒழுக்கக் காவலர்.

செக்காலைக்கு வாய்த்தவர் சேவுகப்பெருமாள். அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிதான் போனது. டாக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார். இவரோ ஐஸ்கிரீம் கடை வாசலில், பூங்கா மூலையில், பேருந்து நிறுத்தத்தில் நின்று நின்று, செல்பேசியில் யாருடனோ பேசுவது போலத் தலையாட்டியபடியே படம் எடுப்பார். எடுத்தது அன்று இரவே ‘பண்பாடு காப்போம்’ வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, காலம் கெட்டுவிட்டதாக வருந்துவார்கள்.

இப்படி இருக்கையில், பொது இட அநாகரிகம் பற்றிய சட்டத்தைத் திருத்தப் போவதாகவும், மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றும் மாநில அரசு அறிவித்தது. அவ்வளவுதான், சேவுகப்பெருமாள் இட்லியைப் பாதியில் விட்டு எழுந்தார். ஒன்பது பக்க மனு தயாரானது. மனைவி நாகவல்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, உரக்கப் படித்துக் காட்டினார்.

“கை கோத்து நடத்தல், தோளில் சாய்தல், ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போடுதல், மேலாடையின்றிப் பொதுவில் தோன்றுதல்...”

“வாசல்ல வெறும் துண்டோட உக்காந்து பேப்பர் படிக்கிறீகளே, அது?”

“அது வெக்கை.”

“போற வழியில செவுத்தோரம் ஒதுங்குறீகளே, அது?”

“அது அவசரம்.”

பத்தாம் பக்கம் சேர்ந்தது. வெக்கைக்கும் அவசரத்துக்கும் விலக்கு அளிக்க வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. விசாரித்த அதிகாரி ரோகிணி பத்துப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

“இதெல்லாம் இங்க நடக்குதுன்னு எப்படிச் சொல்றீக?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல சேவுகப்பெருமாள் செல்பேசியை நீட்டினார். “நானூத்திப் பன்னெண்டு படம் இருக்கும்மா. அம்புட்டும் நானே எடுத்தது. ஒருத்தருக்கும் தெரியாது.”

ரோகிணி தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு செல்பேசியைக் கீழே வைத்தார்.

“சட்ட வரைவுல ஏழாம் பிரிவு படிச்சீகளா? அடுத்தவுகளுக்குத் தெரியாம படம் எடுத்து, அவுக மானம் போறாப்புல பரப்புறதும் பொது இட அநாகரிகம்னு சேக்கப் போறாக.”

அவர் படித்தது ஆறாம் பிரிவு வரைதான். மற்றவர்கள் செய்யும் குற்றமெல்லாம் அதற்குள் வந்துவிட்டதே.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கோட்டையூரில் நர்ஸாக வேலை பார்க்கும் சத்தியப்பிரியா.

“அதுல என் படமும் இருக்கு மேடம். பஸ் ஸ்டாப்புல கண்ணுல தூசி விழுந்துச்சு, என் வீட்டுக்காரர் ஊதிவிட்டாரு. படத்துல அவரு முதுகு, என் மூஞ்சி. குரூப் குரூப்பாச் சுத்தி எங்க மாமியார் கைக்கே வந்துருச்சு. அந்த முதுகு என்னுதுதான்னு அவரு சொல்லியும் நம்பல. ரெண்டு நாள் கழிச்சு, அதே சட்டையைப் போட்டுத் திரும்பி நின்னு காட்டுன பெறகுதான் நம்புனாக.”

மண்டபம் சிரித்தது.

“அன்னைக்கு எங்க வீட்லயும் இப்படித்தான் சிரிச்சாக. அந்த ரெண்டு நாளும் என்கூட யாரும் பேசல.”

சிரிப்பு நின்றது. சேவுகப்பெருமாள் தலை நிமிர்ந்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் பார்த்தே பழகியவருக்குப் பார்க்கப்படுவது புதிது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார்.

“புகார் கொடுக்குறியாம்மா?” என்றார் ரோகிணி.

சத்தியப்பிரியா யோசித்தாள். “மொதல்ல எல்லாத்தையும் அழிக்கட்டும். அப்புறம் அந்தக் குரூப்ல எழுதணும். படத்துல இருந்தது யாருன்னு இல்ல. எடுத்தது யாருன்னு.”

சேவுகப்பெருமாள் எழுதினார். எழுதி எழுதி அழித்ததில் நான்கு வரிக்கு அரை மணி நேரமாயிற்று: ‘இதுவரை நான் அனுப்பிய படங்களெல்லாம் அவரவருக்குத் தெரியாமல் எடுத்தவை. செய்தது தவறு, எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். மன்னிக்கவும். சேவுகப்பெருமாள்.’ பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். ஒரே ஒரு படத்தில் மட்டும் கட்டைவிரல் தயங்கி நின்றது. பெருமூச்சு விட்டு அதையும் அழித்தார். மனுவை வாங்கிக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தியப்பிரியாவிடம் போய், “தப்புத்தாம்மா” என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

வெளியே வரும்போது குழுவிலிருந்து பதில் வந்திருந்தது: ‘நல்ல முடிவு ஐயா. அழிப்பதற்கு முன் எனக்கு மட்டும் மொத்தமாக ஒருமுறை அனுப்பி வைக்கவும்.’

எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கட்டைவிரல் தயங்கிய படத்தில் என்னதான் இருந்தது, அதைப் பற்றி இரண்டு வரி எழுதினால் என்ன என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியிருக்குமே? தோன்றியவர்கள் கை தூக்க வேண்டாம். நான் யாரையும் பார்க்கவில்லை.