ஊளையை அழித்த பட்டதாரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் பி.எஸ்சி. இயற்பியல் வேறு. அப்படிப்பட்டவள் யாரிடமாவது போய்ச் சந்தேகம் கேட்பாளா? (கேட்டிருக்கலாம்.)

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் பிரேசர் டவுனில் கேசட் நகலெடுக்கும் ஒரு சின்ன இடத்தில் எனக்கு வேலை. நகல்களைக் கேட்டுப் பார்ப்பேன். இரைச்சல் இருந்தால் அந்தக் கேசட்டைக் காந்தப்பெட்டி மேல் வைத்து எடுப்பேன். பதிந்ததெல்லாம் அழிந்துவிடும், மறுபடி பதியலாம். சிவாஜிநகரில் மூட்டை தூக்கும் என் அப்பா, "எம் பொண்ணு ஓகே சொன்னாத்தான் சாமி பாட்டே கடைக்குப் போவும்" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ராக் இசைக்குழு ஒன்றின் ஆல்பம் வந்தது. முதல் ஆல்பத்தோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்கள், ஏழு வருஷம் கழித்துச் சேர்ந்து போட்ட இரண்டாவது. அன்று மாலையே மேடைக் கச்சேரியோடு வெளியீடு. முதலாளி ஸ்டீபன் சார் நகலெடுத்து அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஹெட்போனை மாட்டினேன். கொஞ்சம் நிசப்தம். பிறகு ஆலைச் சங்கு போல ஓர் ஊளை. அதற்கு அடியில் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து புலம்பினார்கள். பாட்டு பாதியிலேயே அறுந்தது. அடுத்த கேசட்டும் அப்படியே. அதற்கடுத்ததும். மூலப்பதிவான மாஸ்டரையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஊளை! நல்லவேளை நான் இருந்தேன் என்று, நகல்களை ஒன்றுவிடாமல் அழித்தேன்.

ஸ்டீபன் சாரோடு அந்தக் குழுவின் பாடகர் நவீனும் வந்தார்.

"மேடம், கேசட் ரெடி ஆயித்தா?" என்று கன்னடம் கலந்து கேட்டார் நவீன்.

"ஒரே ஊளை சார். பாட்டு வேற பாதியில கட்டாவுது. எல்லாத்தையும் அழிச்சிட்டேன், கவலைப்படாதீங்க" என்று நன்றிக்காகக் காத்திருந்தேன்.

நவீன் மெதுவாக உட்கார்ந்தார். "அந்த ஊளைதான் மேடம் பாட்டு. அதுக்காக மாசக்கணக்கா கிடாரைத் தூக்கிட்டு ஸ்பீக்கர் முன்னாடி நின்னிருக்கேன்."

"அப்போ பாதியில நிக்கிறது?"

"அதுவும் நாங்க வெச்சதுதான்."

ஸ்டீபன் சார் குறுக்கே வந்தார். "போனா போவுது, திரும்ப அடிச்சுக்கலாம். மாஸ்டர் எங்கம்மா?"

மேசையைக் காட்டினேன். மாஸ்டர் கேசட், காந்தப்பெட்டியை உரசிக்கொண்டு கிடந்தது. நான் வைத்த இடம்தான்.

"வேற காப்பி?" என்றார் சார்.

"இல்ல சார். ஸ்டூடியோ டேப்பு வாடகைக்கு எடுத்தது. அதுமேல வேற யாரோ ரெக்கார்ட் பண்ணிட்டாங்க."

காந்தப்புலம் தூரத்தோடு எப்படிக் குறையும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நான். அப்போது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

சார் கேசட்டைப் போட்டார். நிசப்தம். லேசாக 'ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும். சார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆரம்பத்துல கேப் இருக்கா?" என்று நவீனைக் கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

கேசட்டின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டேயிருந்தன. என் வேலை, அவர்களுடைய ஏழு வருஷம், அப்பாவின் மார்க்கெட் பெருமை எல்லாம் சேர்ந்து சுற்றின.

திடீரென்று அந்த ஊளை! காது கிழிந்தது. வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. "சார், சூப்பரா ஊளையிடுது சார்!" என்று கத்தி, ஓவென்று அழுதுவிட்டேன். நவீனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பெட்டி நகல்களை ஆட்டோவில் ஏற்றியபோது மேடையில் பாட்டே தொடங்கியிருந்தது. ஏழு வருஷம் பொறுத்த ரசிகர்கள் இன்னும் கொஞ்ச நேரமும் பொறுத்தார்கள். காந்தப்பெட்டியின் சுவிட்சை முன்பே அணைத்துவிட்டிருந்ததால் மாஸ்டர் தப்பியது, என் வேலையும் தப்பியது. வீட்டில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு.

என் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன். மைக் திடீரென்று 'வீஈஈ' என்று அலறியது. மைக்காரர் ஓடி வந்தார். அப்பா குறுக்கே கையை நீட்டினார்.

"இருப்பா, கை வெக்காத. மொதல்ல எம் பொண்ணக் கேளு. இது பாட்டாக்கூட இருக்கும்."

மண்டபமே சிரித்தது. அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத மாப்பிள்ளை, என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஓகேவா?"