மானேஜருக்கு ஒரு சாட்சி

"உங்களுக்கு வேலை இல்லைன்னு அக்கம்பக்கத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நாளைக்குத்தான் கடைசி நாள்" என்று உதவித்தொகை அலுவலகத்தில் சொன்னதும் மானேஜர் ஃபாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

செருப்புக் கம்பெனியை மூடி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தெருவுக்கு அவர் இன்னும் மானேஜர்தான். பின்னே? மனுஷர் தினமும் எட்டரைக்கெல்லாம் சலவைச் சட்டையும் தோல் பையுமாகக் கிளம்பிவிடுவார். பூங்காவில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்வார். ஆறு மணிக்கு, உழைத்துக் களைத்த முகத்தோடு திரும்புவார். எல்லாம் கூடவே இருக்கும் மாமனாருக்காக. "ஆபீஸ்ல ரொம்ப வேலையா மாப்பிள்ளை?" என்று கேட்டபடி அந்தப் பெரியவர் எழுந்து நாற்காலியைக் கொடுக்கும்போது, உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். சொந்தக்காரர் கையெழுத்தோ செல்லாது.

"இந்தப் பணம் வரலேன்னா அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணணும். கௌரவத்தை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டுப் போய்க் கேளுங்க" என்றாள் அவள்.

முதலில் எதிர்வீட்டு வாத்தியார்.

"சார், சின்ன ஃபாரம்தான்... எனக்கு வேலை இல்லைன்னு..."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "காலங்காத்தால ஜோக்கா மானேஜர்? போங்க, ஆபீசுக்கு நேரமாச்சு!"

அடுத்து மாடிவீட்டு நர்சம்மா.

"நிஜமாவே ரெண்டு வருஷமா வேலை இல்லம்மா."

"நீங்க கிளம்புறதைப் பார்த்துத்தான் நான் கடிகாரத்தையே சரி பண்றேன். என்கிட்டயேவா?" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

பாவம், நடிப்பு அவ்வளவு பிரமாதம்.

வேறு வழியில்லாமல் அலுவலகத்துக்கே ஓடினார். "ஃபாரத்தை இன்னிக்கே குடுத்துட்டுப் போங்க. சாட்சி கிடைக்கலேன்னா இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். நாளைக்குப் பத்து மணிக்கு இருங்க" என்றார்கள்.

மறுநாள், 'இன்னிக்கு ஆபீசுக்கு லேட்டாப் போனாப் போதும்' என்று சொல்லிவிட்டு, மாமனாரை ஒன்பதரைக்கே மூக்குக் கண்ணாடி மாற்ற அனுப்பிவைத்தார். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஃபைலைத் திறந்தார். பத்தேகாலுக்கு மாமனார் வாசலில் நின்றார்.

"கடை பூட்டியிருக்கு மாப்பிள்ளை. சார் யாரு?"

மானேஜர் ஃபைலை மறைத்தபடி எழுந்து நின்றார். "எங்க... எங்க ஆபீஸ்காரர் மாமா."

போச்சு! பெரியவர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மாப்பிள்ளை மாதிரி உழைப்பாளி உங்களுக்குக் கிடைப்பாரா சார்? ரெண்டு வருஷத்துல ஒருநாள் லீவு போட்டதில்ல. காய்ச்சலோட போனவரு! சம்பளத்தைப் பார்த்துக் கூட்டிக் குடுங்க."

இன்ஸ்பெக்டரின் பேனா ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டது. அப்புறம் ஃபைலை மூடிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். மானேஜர் வெறுங்காலோடு பின்னால் ஓடினார்.

"சார், அவருக்கு விஷயம் தெரியாது சார்! வயசானவரு, தாங்க மாட்டாரு. அதான் மறைச்சேன்."

"ஒருநாள் லீவு போடாதவருக்கு உதவித்தொகையா? பொய் விண்ணப்பம்னுதான் எழுதணும்."

மானேஜருக்கு அழுகையே வந்துவிட்டது. தெருமுனைச் சலவைக் கடைக்காரர், தேய்த்துக்கொண்டிருந்த சட்டையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். அது மானேஜரின் சட்டை.

இன்ஸ்பெக்டர் நின்றார். "ஏங்க, இவரைத் தெரியுமா? வேலைக்குப் போறாரா, இல்லையா? உதவித்தொகை விஷயம், உண்மையைச் சொல்லணும்."

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மானேஜர் வீட்டு ஜன்னலில் பெரியவர் தலை தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பேனாவைக் குடுங்க சார், நான் போடறேன் கையெழுத்து. கம்பெனி மூடின அன்னிக்கே தெருவுக்கெல்லாம் தெரியும். தெரிஞ்சதா யாரும் காட்டிக்கக் கூடாது, மாப்பிள்ளை மனசு தாங்காதுன்னு வீடு வீடா வந்து சத்தியம் வாங்கிட்டுப் போனதே அந்தப் பெரியவர்தான்!"