கே ஐம்பதும் சோணைமுத்துவின் குடலும்

"எத்தனை தடவை போச்சு?"

"மூணு."

"ரத்தம்?"

"லேசா."

"லேசான்னு சொன்னா எண் கிடையாதுங்க. வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சு," என்றான் சோணைமுத்து, குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

வடிவுக்கரசி வெளியே நின்று, தலையணை கனத்துக்கு இருந்த புத்தகத்தைப் புரட்டினாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போடுவதுதான் பெருங்குடியில் அவளுக்கு வேலை. அதற்கான சான்றிதழ்த் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இரண்டு முறையும் குடல் நோய்களில்தான். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆனால் இவள் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை. இதிலும் போனால் வேலையும் போகும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதற்காக அவளுக்கு ஞாபகசக்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குப் புருஷன் எத்தனை அதிரசம் தின்றான், எத்தனையாவதில் பல் வலித்தது என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால்தான் கண் சொக்கும். இப்போது பார்த்து இந்த மனுஷனுக்கு வயிற்றுக் கோளாறு.

அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தாள். சிறுகுடலில் குரோன் நோய், ரத்தப்போக்குடன். கே ஐம்பது புள்ளி பூஜ்யம் ஒன்று ஒன்று.

"என்னங்க, இது நல்ல வியாதி இல்லைங்க," என்று அழுதாள். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு உப்பில்லாத கஞ்சி.

செவ்வாய்க்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வேலை முடிந்து வந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உள்ள ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு வடிவு."

பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டாள். குடல் அடைப்புடன். கடைசி எண் இரண்டு. கஞ்சியிலிருந்து பருக்கையும் போனது.

புதன்கிழமை, "ஒரு குடல்லேர்ந்து இன்னொரு குடலுக்கு ஓட்டை போட்ட மாதிரி இருக்கு," என்றான்.

"அது எப்படிங்க வெளியில தெரியும்?"

"வச்சிருக்கிறவனுக்குத் தெரியாதா?"

இரண்டு நிமிடம். கடைசி எண் மூன்று. வியாழக்கிழமை அவன் "சீழ் கட்டின மாதிரி..." என்று ஆரம்பித்தபோது, அவள் விரல் பக்கத்தில் போய் நின்றிருந்தது. நான்கு.

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"நான் பரீட்சைக்குப் போகல. வேலை போனா போவுது. எனக்கு நீங்கதான் முக்கியம்."

சோணைமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது. "இல்ல வடிவு, இப்ப நல்லாயிடுச்சு. சத்தியமா வலிக்கல."

"நீங்க சொன்னா ஆச்சா? டாக்டர் எழுதித் தரணும். எழுதாதது எதுவும் எங்க வேலையில நடந்ததே இல்ல."

"உங்க வேலையில சரி, இது என் வயிறு."

"எந்த வயிறா இருந்தாலும்."

வெள்ளிக்கிழமை டாக்டர் அவனைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். வடிவு சொன்ன நான்கு நாள் வரலாற்றையும் கேட்டார். பிறகு சீட்டில், 'குரோன் நோயாக இருக்கலாம்' என்று எழுதினார்.

"அப்பாடா," என்றாள் வடிவு. "உங்களுக்கு இல்லைங்க."

"இருக்கலாம்னு எழுதியிருக்காரே?"

"வெளிநோயாளிக்கு 'இருக்கலாம்'னு எழுதினா அந்த எண்ணைப் போடக் கூடாது. இல்லாத மாதிரிதான்."

"அப்ப வீட்டுக்குப் போலாமா?"

"எதுக்கும் உள்ள சேர்த்து, கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துடலாம்," என்றார் டாக்டர்.

சேர்த்தார்கள். கட்டிலில் அவன் கால் நீட்டியதும் வடிவு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"இப்ப இருக்குங்க. உள்நோயாளிக்குக் கடைசி வரைக்கும் 'இருக்கலாம்'னே எழுதினா, இருக்குன்னுதான் எண் போடணும்."

"நான் எந்திரிச்சு நின்னுட்டா?"

"விளையாடாதீங்க."

பேதி மருந்து இரண்டு பெரிய பாட்டில் கொடுத்தார்கள். நான்கு நாள் கஞ்சிக்கு மேல் அது. குடித்தான், ஓடினான், குடித்தான், ஓடினான். நடுவில் ஒரு முறை கதவைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சைக்குப் போவேல்ல?" என்று கேட்டான். இந்த நிலைமையிலும் தன் பரீட்சையை நினைக்கிற புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தபடி அவள் அடுத்த டம்ளர் மருந்தை நீட்டினாள்.

சனிக்கிழமை டாக்டர் படத்தைக் காட்டினார்.

"இவ்வளவு சுத்தமான குடலை நான் பார்த்ததில்ல. குரோன் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்படியே எழுதித் தாங்க டாக்டர்," என்றாள் வடிவு. எழுதி வாங்கினாள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போடச் சொன்னாள்.

ஒரு வாரமாக ஒரு வரி படிக்காமல் ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் போனாள். பாழாய்ப்போன குடல் பகுதி வந்தது. 'சிறுகுடலில் குரோன் நோய், சீழ்க்கட்டியுடன்.' வியாழக்கிழமை என்று மனம் சொல்வதற்குள் விரல் பக்கத்தில் இருந்தது. 'அடைப்புடன்.' செவ்வாய். 'ரத்தப்போக்குடன்.' திங்கள். கால் மணி நேரம் மிச்சமிருந்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். சோணைமுத்து அன்று ஐந்து பரோட்டா தின்றான், வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. வடிவு பால்கோவா டப்பாவோடு தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாள். அவசரத்துக்கு எப்போதும் உதவுகிற மனிதர் இப்ராகிம் பாய்.

"பாய், பரீட்சை பாஸ். ஸ்வீட் எடுத்துக்குங்க."

பாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் குழம்பின மாதிரி அவளைப் பார்த்தார்.

"உனக்கா பரீட்சை? உங்க வீட்டு சாரு தனக்குத்தான் பரீட்சைன்னு சொல்லி, ஏதோ தடிப் புத்தகத்துல ஒரு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து, எதுக்கு எங்க வலிக்கும், எப்படி முனகணும்னு ஒரு வாரமா எங்கிட்டல்ல எழுதிக்கிட்டுப் போனாரு."